ஒரு ஷில்லிங் லெக்சரும் இடித்த மாடிப்படியும்

புது ஊருக்குக் குடிபோனா ஆளாளுக்கு ஒண்ணைத் தேடுவாங்க. சிலருக்கு முதல்ல கோயில் எங்கே இருக்குன்னு தெரியணும். சிலருக்கு இட்லி மாவு கிடைக்கிற கடை. எனக்கு, சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சதும் போய் ஓரமா உக்காந்து கேக்கிற மாதிரி அறிவியல் கூட்டம் எங்கே நடக்குதுன்னு தெரிஞ்சா போதும். புரியுதா புரியலையாங்கிறது அடுத்த விஷயம். லண்டனுக்கு வந்து பெட்டியைப் பிரிச்ச கையோட இந்த அரிப்பு ஆரம்பிச்சிடுச்சு.

தேடப் போனா, இந்த ஊர்ல இந்த வழக்கத்துக்கு நானூறு வருஷத்துக்கும் மேல வயசு. பல்கலைக்கழகத்தில் சேராதவன், பட்டம் வேண்டாதவன், சும்மா தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறவன் போய் உட்காரும் இடங்கள். ஆனா படிக்கப் படிக்க ஒரு கேள்வி கூடவே வந்துக்கிட்டு இருந்தது. 'பொதுமக்களுக்கு'ன்னு போர்டு போட்ட இந்த இடங்களுக்குள்ள நிஜமா யாரை விட்டாங்க? அந்தக் கதைதான் இது.

முதல்ல கிரெஷாம் கல்லூரி. சர் தாமஸ் கிரெஷாம் பெரிய வியாபாரி, லண்டனின் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்கிற வணிகர் கூடத்தைக் கட்டியவர். 1579-இல் இறந்துபோனார். மனைவி காலத்துக்கு அப்புறம் பிஷப்ஸ்கேட் தெருவில் இருந்த தன் வீட்டைக் கல்லூரியா மாத்தணும், எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வருமானத்தில் 7 பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கணும்னு உயில் எழுதி வச்சிருந்தார். ஆளுக்கு வருஷம் 50 பவுண்டு. அந்தம்மா 1596-இல் காலமாக, 1597-இல் லெக்சர்கள் ஆரம்பிச்சன. வானியல், வடிவியல், மருத்துவம், சட்டம், சமயம், இசை, பேச்சுக்கலை என்று ஏழு பாடம். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது, காசும் கிடையாது. இன்றைக்கு வரைக்கும் காசு கிடையாது!

அப்போ படிப்புன்னா லத்தீன். ஆனா கேக்க வர்றவன் கடைக்காரன், மாலுமி. அதனால ஒரே பாடத்தை லத்தீனில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறைன்னு ரெண்டு தடவை நடத்தணும்னு ஏற்பாடு. இசைக்கு மட்டும் விலக்கு. முதல் இசைப் பேராசிரியர் ஜான் புல் அவர்களுக்கு லத்தீன் வராது :) முதல் வடிவியல் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ். பிளஸ் டூ-வில் லாக் டேபிளோட மல்லுக்கட்டினவங்க இவரைத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஸ்காட்லாந்தின் நேப்பியர் கண்டுபிடிச்ச மடக்கையை 10-ஐ அடிமானமா வச்சு மாத்திக்கொடுத்த புண்ணியவான் இவர்தான்.

1660 நவம்பர் 28 அன்று அங்கே வானியல் பேராசிரியரா இருந்த கிறிஸ்டோபர் ரென் (பின்னாளில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைக் கட்டியவர்) லெக்சர் முடிச்சதும், கேட்டவங்கள்ல ஒரு டஜன் பேர் ஒரு அறையில் உக்காந்து பேசினாங்க. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் ராயல் சொசைட்டி. லெக்சர் முடிஞ்சு டீ குடிக்கும்போது நடக்கிற பேச்சுதான் பல சமயம் லெக்சரை விட முக்கியம்னு நான் சொன்னா வீட்டில் யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.

ஆனா கதவு திறந்திருந்தா மட்டும் கூட்டம் வந்துடுமா? அதே கல்லூரியில் வடிவியல் நடத்திய ராபர்ட் ஹூக் (செல்லுக்கு 'செல்'னு பேர் வச்சவர்) தன் டைரியில் எழுதி வச்சிருக்கார், கேக்க ஒருத்தரும் வரலைன்னு. உயிலில் இருக்கே, நடத்தித்தானே ஆகணும். ஆள் வந்திருக்கானா என்று எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போன நாட்களும் உண்டு. ஹூக் மாதிரி ஒரு மேதை காலி பெஞ்சைப் பார்த்து நின்ன காட்சியை நினைச்சா பாவமா இருக்கு.

கூட்டம் எங்கே போச்சுன்னா, காபிக் கடைக்கு. 1698 வாக்கில் பர்ச்சின் சந்தில் இருந்த மரைன் காபி ஹவுஸில் ஜான் ஹாரிஸ் என்ற பாதிரியார் கணக்குப் பாடம் நடத்தினார், இலவசமா. செலவை ஏத்துக்கிட்டவர் சவுத்வார்க்கில் சாராய ஆலை வச்சிருந்த சார்லஸ் காக்ஸ். (பீர் காசில் கணிதம்!) அது மாலுமிகளும் கப்பல் வியாபாரிகளும் கூடுற இடம். கடல்ல வழி கண்டுபிடிக்கக் கணக்கு வேணும். தேவைப்பட்ட பாடம் தேவைப்பட்டவன் உக்காந்திருக்கிற இடத்துக்கே வந்ததால் நடந்தது.

அப்புறம் டெசாகுலியே. பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் அகதிக் குடும்பத்துப் பிள்ளை. கைக்குழந்தையா இருந்தபோது பீப்பாய்க்குள் ஒளிச்சு வச்சுக் கொண்டுவந்தாங்கன்னு ஒரு கதை உண்டு. நியூட்டனின் தத்துவத்தைக் கணக்கே இல்லாம, கப்பி, நெம்புகோல், காற்றுப் பம்பு வச்சு செஞ்சு காட்டிப் புரியவைக்கிறதில் மன்னன். வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கட்டுறதுக்காக அவர் வீடு இடிபட்டது. அப்புறம் கோவென்ட் கார்டனில் ஒரு காபிக் கடை மேல குடியேறி அங்கேயும் லெக்சரைத் தொடர்ந்தார். 1744-இல் இறக்கும் வரைக்கும் அதுதான் பிழைப்பு.

எனக்கு இந்தக் காலத்தில் ரொம்பப் பிடிச்சது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கணிதச் சங்கம். 1717-இல் ஆரம்பிச்சது. கிழக்கு லண்டனில் பட்டுத் தறி நெய்த நெசவாளிகள் நிறையப் பேர் அதில் உறுப்பினர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ராத்திரி கூடி கணக்குப் போடுவாங்க. அவங்க விதிகள்ல ஒண்ணு: ஒரு உறுப்பினர் இன்னொருத்தரிடம் சந்தேகம் கேட்டா, தன்னால் முடிஞ்ச அளவு எளிமையா சொல்லிக்கொடுப்பது அவர் கடமை. இதை விட நல்ல பல்கலைக்கழகச் சட்டம் எனக்குத் தெரிஞ்சு இல்லை. நிறம் பிரியாத தொலைநோக்கி லென்ஸ் செஞ்சு பேர் வாங்கிய ஜான் டாலண்ட் இந்த வட்டாரத்துப் பட்டு நெசவாளிதான். 18-ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் இந்தச் சங்கம் குறைஞ்ச காசுக்குப் பொது லெக்சர் நடத்த ஆரம்பிச்சது. உடனே எவனோ ஒருத்தன், 'லைசென்ஸ் இல்லாமல் காசு வாங்கிக் கேளிக்கை நடத்துறாங்க'ன்னு கேஸ் போட்டுட்டான். கணக்கும் மின்சாரமும் கேளிக்கையாம்! உறுப்பினர்கள் காசு போட்டு வழக்கை எதிர்கொண்டாங்க. கடைசியில் 1840-களின் நடுவில் ஆள் குறைஞ்சுபோய், ராயல் வானியல் கழகத்தோட இணைஞ்சது. நெசவாளிகள் சேர்த்து வச்ச புத்தகங்கள் அங்கே போச்சு. 1935 ஜனவரி 11-இல் நம்ம சந்திரசேகர் தன் நட்சத்திரக் கணக்கைச் சொல்லி, எடிங்டன் அவரை எல்லார் முன்னாலயும் கிண்டலடிச்சாரே, அதே கழகம்தான். அதைத் தனியா எழுதணும்.

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம்.

1799 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் பிறந்தது. முன்னால் நின்னவர் ரம்ஃபோர்டு. அமெரிக்காவில் பிறந்து, சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்னு, பவேரியாவில் வேலை பார்த்துப் பட்டம் வாங்கி, அடுப்பு எப்படிப் புகையாம எரியணும்னு ஆராய்ச்சி பண்ணினவர். அறிவியலை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவரணும்ங்கிறது திட்டம். ஆல்பெமார்ல் தெருவில் 21-ஆம் எண் வீட்டை வாங்கினாங்க. உள்ளே அரைவட்டமா ஒரு லெக்சர் அரங்கம் கட்டினவர் தாமஸ் வெப்ஸ்டர். இந்த வெப்ஸ்டர் மனசில் ஒரு ஆசை இருந்தது. கொத்தனார், தச்சர், தகர வேலை செய்யறவங்களுக்கு இங்கேயே பாடம் சொல்லிக்கொடுக்கணும். அவங்க லெக்சர் கேக்கணும். அதுக்காக அரங்கத்தில் மேலே ஒரு கேலரி, தெருவிலிருந்து நேரா அந்தக் கேலரிக்கு ஏற ஒரு தனிக் கல் படிக்கட்டு. கனவான்களும் சீமாட்டிகளும் முன்வாசல் வழியா வருவாங்க, தொழிலாளி இந்தப் படி வழியா மேலே போய் உக்காந்து கேப்பான்.

தனிப்படி என்பதே ஒரு தீண்டாமைதானேன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா அந்தப் படிகூட நிலைக்கலை. பிரெஞ்சுப் புரட்சி நடந்து பத்துப் பதினஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. கீழ்த்தட்டு மக்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறது எங்கே கொண்டுபோய் விடுமோன்னு பணம் போட்ட பெரிய மனுஷங்களுக்குப் பயம். என்ன நினைச்சு இதைச் செய்யறேன்னு வெப்ஸ்டரை மிரட்டாத குறையா கேட்டிருக்காங்க. அதை அவரே பிற்காலத்தில் எழுதி வச்சிருக்கார். தொழிலாளிகளுக்கான பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. கட்டின படிக்கட்டையும் எடுத்துட்டாங்க. ரம்ஃபோர்டு 1802-இல் லண்டனை விட்டே போயிட்டார்.

அரங்கம் யாருக்குப் போச்சுன்னா, பணக்காரர்களுக்கு. 1801-இல் ஹம்ப்ரி டேவி வந்து சேர்ந்தார். இளைஞன், அழகன், கவிதை எழுதுவான், மேடையில் வெடிச்சத்தமும் தீப்பொறியுமா வேதியியல் காட்டுவான். லண்டன் சீமாட்டிகள் கூட்டம் கூட்டமா வந்தாங்க. குதிரை வண்டிகள் தெருவை அடைச்சுக்கிட்டதால் ஆல்பெமார்ல் தெரு லண்டனின் முதல் ஒருவழிப் பாதை ஆனதுன்னு சொல்றாங்க. நிறுவனத்தின் பங்குதாரர் ஆக ஆரம்பத்தில் 50 கினி கட்டணும். ஒரு கினின்னா 21 ஷில்லிங், மொத்தம் 1050 ஷில்லிங். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜேன் மார்செட் என்ற பெண்மணியைச் சொல்லாம போக முடியாது. டேவியின் லெக்சரை முதல்ல கேட்டபோது பாதி புரியலை. அப்புறம் தெரிஞ்ச ஒருத்தரோட உக்காந்து பேசிப் பார்த்தபோது புரிய ஆரம்பிச்சது. அப்படின்னா பேச்சு வடிவிலேயே எழுதினா எல்லாருக்கும் புரியுமேன்னு வேதியியல் உரையாடல்கள்னு ஒரு புத்தகம் எழுதினார். 1805 வாக்கில் வெளிவந்தது, பேர் போடாமலேயே.

அந்தப் புத்தகம் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவர் நடத்திய பைண்டிங் கடையில் ஒரு பையன் கையில் கிடைச்சது. மைக்கேல் ஃபாரடே. கொல்லன் மகன். 1805-லிருந்து ஏழு வருஷம் பயிற்சி வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை எல்லாம் படிச்சுடுவான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும் அப்படித்தான் படிச்சான். படிச்சா போதுமா, கேக்கணும், பார்க்கணும். எங்கே போறது? ராயல் இன்ஸ்டிடியூஷன் நடந்துபோற தூரம்தான், ஆனா அவனுக்கான படிக்கட்டைத்தான் எடுத்துட்டாங்களே.

1810-இல் ஃப்ளீட் தெருப் பக்கம் நடந்து போகும்போது கடை ஜன்னல்ல ஒரு நோட்டீஸ். டார்செட் தெரு 53-ஆம் எண் வீட்டில் டாட்டம் என்பவர் இயற்கைத் தத்துவம் பற்றி லெக்சர் கொடுக்கிறார். ராத்திரி 8 மணி. கட்டணம் 1 ஷில்லிங். ஜான் டாட்டம் வெள்ளி வேலை செய்தவர். தன் வீட்டிலேயே கருவிகளை வச்சு லெக்சர் நடத்தினார். அவரைச் சுத்தி 1808-இல் நகரத் தத்துவச் சங்கம்னு ஒண்ணு உருவாகியிருந்தது. குமாஸ்தாக்கள், கைவினைஞர்கள். பேச வரும்னு நினைக்கிறவன் தன் முறை வரும்போது பேசலாம். பெண்களும் வந்து கேட்டாங்க.

பையன் கையில் ஷில்லிங் ஏது? அண்ணன் ராபர்ட், அவரும் கொல்லர், காசு கொடுத்து அனுப்பினார். அறிவியல் வரலாற்றிலேயே மிக நல்ல முதலீடு இதுதான்னு எனக்குத் தோணும். ஒன்றரை வருஷத்துக்குள்ள ஒரு டஜன் லெக்சர் கேட்டான் ஃபாரடே. சும்மா கேக்கலை. வந்து உக்காந்து சுத்தமா நோட்ஸ் எழுதினான். கருவிகளைச் சரியா வரையணுமேன்னு, கடைக்கு மேலே குடியிருந்த மாஸ்க்கரியே என்ற பிரெஞ்சு ஓவியர்கிட்ட படம் வரையக் கத்துக்கிட்டான். எல்லாத்தையும் நாலு வால்யூமா தானே பைண்ட் பண்ணி, முதலாளி ரீபோவுக்குச் சமர்ப்பணம் பண்ணினான். தொழில் தெரிஞ்ச கை ஆச்சே!

ரீபோ நல்ல மனுஷன். கடைக்கு வர்றவங்ககிட்ட அந்த வால்யூம்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கிட்டார். அப்படிப் பார்த்தவங்க மூலமா விஷயம் வில்லியம் டான்ஸ் என்ற இசைக் கலைஞர் வரைக்கும் போச்சு. அவர் ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர். டேவியின் லெக்சருக்கு டிக்கெட் கொடுத்தார். 1812 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் நாலு லெக்சர், டேவி அங்கே கொடுத்த கடைசித் தொடர்.

ஃபாரடே எங்கே உக்காந்தார் தெரியுமா? மேலே கேலரியில், கடிகாரத்துக்கு மேல. தச்சனும் கொத்தனாரும் உக்காரணும்னு வெப்ஸ்டர் கட்டினாரே, அந்தக் கேலரி!

பாதை எப்படி வந்ததுன்னு கவனிங்க. பெரிய அரங்கம் அவனைத் தேடி வரலை. ஜன்னல் நோட்டீஸ், அண்ணன் கொடுத்த ஷில்லிங், வெள்ளி வேலைக்காரர் வீட்டு லெக்சர், அதில் எழுதின நோட்ஸ், அதைக் காட்டின முதலாளி, கடைசியா ஒரு ஓசி டிக்கெட். இதில் எது ஒண்ணு அறுந்திருந்தாலும் ஃபாரடே நல்ல பைண்டரா வாழ்ந்து முடிஞ்சிருப்பார். மோட்டாரும் டைனமோவும் வேற யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்கதான், எப்போன்னு யாருக்குத் தெரியும்? ஃபாரடேவைக் கண்டெடுத்தது டேவின்னு பாடப் புத்தகத்தில் படிச்சிருப்போம். என் கணக்கில் பாதிப் பெருமை டாட்டத்துக்குப் போகணும். ஆனா டாட்டத்தை யாருக்குத் தெரியும்?

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல்ல ராயல் சொசைட்டி தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வேலை கேட்டு எழுதினார், பதில் இல்லை. டேவியின் நாலு லெக்சர் நோட்ஸை விரிவா எழுதி பைண்ட் பண்ணி 1812 டிசம்பரில் டேவிக்கே அனுப்பினார். (நம்ம லெக்சரை நம்மளை விட நல்லா எழுதி ஒருத்தன் அனுப்பினா எப்படி இருக்கும்!) 1813 பிப்ரவரியில் ஆய்வக உதவியாளர் ஒருத்தர் கைகலப்பில் வேலை இழக்க, மார்ச் 1-ஆம் தேதி ஃபாரடேவுக்கு அந்த இடம் கிடைச்சது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் தங்க ரெண்டு அறை. அந்த 1050 ஷில்லிங் ஞாபகம் இருக்கா? வந்த சம்பளத்தை ஒரு பைசா செலவு பண்ணாம சேர்த்து வச்சாலும், அவர் வேலை பார்த்த இடத்தில் பங்குதாரர் ஆக 42 வாரம் ஆகியிருக்கும்.

வேலையில் சேர்ந்த சில மாசத்திலேயே நண்பர் அபட்டுக்கு ஃபாரடே எழுதின கடிதங்கள் இருக்கு. எல்லாம் லெக்சர் பத்தி. அரங்கம் எப்படி இருக்கணும், காத்து வரணும், பேசறவன் எங்கே நிக்கணும், ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. கேலரியில் உக்காந்து கேட்டவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவரே முதல்ல பேசினதும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இல்லை, 1816 ஜனவரியில் அந்தப் பழைய டார்செட் தெருச் சங்கத்தில்தான்.

பிறகு 1820-களின் நடுவில் வெள்ளிக்கிழமை மாலை உரைகளை ஆரம்பிச்சு வச்சார். 1825-இல் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் லெக்சர்களும் தொடங்கின. ஃபாரடே மட்டும் 19 வருஷம் அதை நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை வச்சு மொத்த வேதியியலையும் சொன்ன தொடர் புத்தகமா வந்து இன்னும் விக்குது. இரண்டாம் உலகப் போரில் நாலு வருஷம் தவிர கிறிஸ்துமஸ் லெக்சர் நின்னதில்லை. வெள்ளிக்கிழமை உரைக்கு ரொம்ப காலம் உறுப்பினரும் விருந்தாளியும்தான். இப்போ டிக்கெட் வாங்கினா நாமளும் போகலாம்.

தொழிலாளிகளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா, 1823-இல் டாக்டர் ஜார்ஜ் பிர்க்பெக் முன்னின்று, ஸ்ட்ராண்ட் தெரு மதுக்கடையில் பெரிய கூட்டம் போட்டு, லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னாளில் பிர்க்பெக் கல்லூரி, சாயங்கால வகுப்புக்குப் பேர் போனது. 1855-லிருந்து ஹக்ஸ்லி தொழிலாளர்களுக்கென்றே தனி லெக்சர் நடத்தினார். கார்ல் மார்க்ஸும் அதுக்குப் போய்க் கேட்டதா அவர் நண்பர் லீப்க்னெக்ட் எழுதியிருக்கார். எடுத்துப் போட்ட படிக்கட்டை வேற வேற ஆட்கள் வேற வேற இடத்தில் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க.

அதில் ஒண்ணு கல்கத்தாவில். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1869-இல் எழுத ஆரம்பிச்சார், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மாதிரி நமக்கு ஒண்ணு வேணும், அதை இந்தியர்களே நடத்தணும்னு. வீடு வீடாப் போய் நன்கொடை கேட்டு, 1876 ஜூலையில் பவ்பஜார் தெரு 210-ஆம் எண்ணில் திறந்தார். பெல்ஜியத்துப் பாதிரியார் லாஃபோன் அங்கே வருஷக்கணக்கா மாலை லெக்சர் நடத்தினார். ஆனா சர்க்கார் எதிர்பார்த்த மாதிரி, முழு நேரமா ஆராய்ச்சி பண்ண ஆள் வரலை. 1904-இல் அந்த மனக்குறையோடவே இறந்துபோனார்.

மூணு வருஷம் கழிச்சு, 1907-இல், திருவானைக்காவலில் பிறந்த 18 வயசுப் பையன் ஒருத்தன் கல்கத்தாவுக்கு அரசாங்கக் கணக்கு ஆபீஸ் வேலைக்கு வந்தான். புது ஊர், புதுக் கல்யாணம். டிராமில் போகும்போது 'அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம்'னு ஒரு போர்டு கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினான். சர்க்காரின் மகன் அம்ரித்லால் அப்போ செயலாளர். இப்படி ஒருத்தனுக்காகத்தானே அப்பா காத்திருந்தார்னு சாவியைக் கொடுக்காத குறை. சி.வி.ராமன் ஆபீஸுக்கு முன்னால காலையிலும், ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி வரைக்கும் அங்கேயே கிடந்தார். அங்கே பொது லெக்சரும் கொடுத்தார். 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவைப் பார்த்ததும் அந்தக் கட்டிடத்தில்தான்.

முதல் நாள் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் பேர் ஆசுதோஷ் தே. எல்லாரும் ஆசு பாபுன்னு கூப்பிடுவாங்க. கல்லூரிப் பக்கம் போகாதவர். பல வருஷம் ராமனுக்கு உதவியாளரா இருந்தார். ராமனோட சேர்த்து அவர் பேரையும் போட்டு ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கு.